வெர்னா கூப்பிடாத வீடுகள்

ஆரின் ஸ்ட்ராண்டின் நிலத்தை வரிப் பாக்கிக்காக மாவட்டம் ஏலம் விட்ட அன்று, நான் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பீச் பழக் கேக் சுட்டேன். ஒருத்தன் குடி கெட்டதற்குக் கேக் சுடுவார்களா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவன் கெட்டால் சுடுவேன் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான். சூடு ஆறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு பாலத்து வீட்டுக்குப் போனேன். அந்தக் கேக்குக்கு உரியவள் அங்கேதான் இருந்தாள்.

வெர்னா டல்லக்கைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்ல முடியாது.

கலிஃபோர்னியாவின் வடக்கு மலையில் எங்கள் ஆல்டர் ஓடைச் சாலைக்கு அவள் வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லையாம். புருஷன் வென்டல் மரம் வெட்டுகிறவன். மர ஆலை மூடியதும் இந்த மலையில் எல்லாரும் செய்ததையே அவனும் செய்தான். தென்சரிவில் கஞ்சா நட்டான். அவன் வாய் ஓயாமல் பேசுவான், பாடுவான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். இவள் நேர் எதிர். அறுவடைக்குப் பிறகு பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மொட்டுகளைச் சுற்றியிருக்கும் இலையைக் கத்தரிப்பார்களே, அந்த மேஜையில் ஊர்க்கதை எல்லாம் ஓடும். வெர்னா மட்டும் வாயைத் திறக்காமல் கத்தரியை ஓட்டிக்கொண்டிருப்பாள். பிசின் ஒட்டின விரலை எண்ணெயில் துடைத்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். அவளுடைய வேகத்துக்கு இந்த மலையில் யாரும் கிடையாது. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்வார்கள். பேசாதவளைப் பற்றிப் பேசுவதுதானே நமக்கு வேலை.

அந்தக் காலத்தில் கஞ்சா வளர்த்தால் ஜெயில். கோடை முடியும் நேரத்தில் போலீஸ் வண்டிகள் வரிசையாக மலையேறும், மேலே ஹெலிகாப்டர் சுற்றும். எங்கள் சாலைக்கு வர ஒரே வழி ஓடைமேல் இருக்கும் மரப்பாலம். அதனால் பாலத்தை ஒட்டிய முதல் வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. வண்டிகள் பாலத்தைத் தாண்டியதும் வீட்டுக்கு வீடு வைத்திருந்த வயர்லெஸ் ரேடியோவில் "பாதிரியார் வர்றார்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது வீட்டுக்கு வீடு போகும். செடியைப் போட்டுவிட்டு ஆட்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். செடி போனால் போகட்டும், ஆள் மாட்டக்கூடாது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் அவனுக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும். கோவிலுக்கே போகாத எங்கள் மலையில் மதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அப்போது பாலத்து வீட்டில் இருந்தவன் ஆரின் ஸ்ட்ராண்ட்.

ஒரு செப்டம்பர் காலையில் வண்டிகள் பாலத்தைத் தாண்டின. ரேடியோவில் சத்தமே இல்லை. வென்டல் செடிகளுக்கு நடுவில் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தானாம். அப்படியே பிடித்தார்கள். அவனுக்கு ஆறு வருஷம் ஜெயில் கிடைத்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ராண்டின் தோட்டம் அதே சரிவில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு இலைகூட உதிரவில்லை.

ஊர்க்கூட்டத்தில் வெர்னா எழுந்து அவனைக் கேட்டாள்: "ஏன் சொல்லல?"

"தூங்கிட்டேம்மா. சத்தியமா தூங்கிட்டேன்" என்று சொல்லி அவன் எல்லார் முன்னாலும் அழுதான். ஆறடி ஆள் அழுதால் எவன்தான் நம்பமாட்டான்? நம்பினார்கள். அதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது. நிலத்தை இழந்து நின்றவளுக்கு, அவனே தன் பாலத்து வீட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, மேலே பெரிய இடம் வாங்கிக்கொண்டு போனான். எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊரே உருகியது. வெர்னா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

பிற்பாடு ஒருநாள் நான் கேட்டேன்: "வெட்கம் கெட்டுப்போய் அவன்கிட்டயா வீடு வாங்கின?"

"ஏன் வாங்கக்கூடாது? இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா அவன் போறது வர்றது எல்லாம் தெரியும்" என்றாள்.

வென்டல் திரும்பி வந்தபோது பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. இருமல்தான் இருந்தது. இரண்டு குளிர்காலம் தாண்டவில்லை, போய்ச் சேர்ந்தான். சாவுக்கு ஸ்ட்ராண்ட் பெரிய மலர்வளையம் கொண்டுவந்தான். வெர்னா அதைத் தூக்கி எறியவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. வேலியில் மாட்டி வைத்தாள். காய்ந்து உதிர்ந்து வெறும் கம்பி வளையம் மிஞ்சும்வரை அது அங்கேயே தொங்கியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

நான் இந்த மலைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. இந்த மலைக்காரனான எம்மெட் குயில் என்பவனைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான்; நான் கீழே சாலையோரத்தில் மண் மூட்டை, சொட்டுநீர்க் குழாய், கத்தரி, தார்ப்பாய் விற்கும் கடையைப் பார்த்துக்கொண்டேன். கடைக்குக் கத்தரி வாங்க வந்த வெர்னா, "இது மழுங்கல். வேற எடு" என்றாள். "மழுங்கலா இருந்தா உன் நாக்கை வெச்சுத் தீட்டிக்கோ" என்றேன். அன்றைக்குத்தான் அவள் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். அதிலிருந்து வாரத்தில் பாதிநாள் அவள் அடுப்படியில்தான் என் காபி.

பிறகு அந்த ஓட்டு வந்தது. கஞ்சா சட்டப்படி செல்லும் என்று மாநிலமே ஓட்டுப் போட்டது. நாங்கள் ஊர்க்கூடத்தில் கிடார் வாசித்து, மான்கறி சுட்டு, விடிய விடிய ஆடினோம். இனிமேல் ஹெலிகாப்டர் இல்லை, ஜெயில் இல்லை, ஊரில் தலை நிமிர்ந்து விவசாயி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். வெர்னா ஒரு மூலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வா, ஒரு ஆட்டம் போடு" என்று இழுத்தேன்.

"இதே செடி. இதே மண்ணு. அன்னிக்குக் குத்தம், இன்னிக்குக் குத்தம் இல்ல. அப்ப அவன் எதுக்குச் செத்தான் டாரீன்?" என்றாள். எனக்கு ஆட்டம் விட்டுப்போயிற்று.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. எங்கள் சரக்கு விற்ற விலையில் பாதிக்கு மேல் பயத்துக்கான விலை என்பது அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. பயம் போனதும் விலை விழுந்தது. தெற்கே சமவெளியில் காசுக்காரர்கள் ஏக்கர் கணக்கில் கொட்டகை போட்டு வளர்த்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குப் போன ஒரு பவுண்டுச் சரக்கை முந்நூறுக்குக் கேட்டார்கள். விலை போன இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. மாநிலத்துக்கு ஒரு வரி, மாவட்டத்துக்கு ஒரு வரி, கடையில் விற்கும்போது தலையில் இன்னொரு வரி. லைசென்சுக்குப் பணம், தண்ணீர்த் தொட்டிக்குப் பணம், சாலையை அகலப்படுத்தப் பணம். நகரத்தில் வாங்குகிறவன் விலையைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, தெருமுனையில் லைசென்ஸ் இல்லாமல் விற்கிறவனிடம் போய்விட்டான். சட்டத்தை மதித்தவன் தலையில் துண்டு. மதிக்காதவன் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

வரியால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை வந்தது. மலைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் அதில் முதல் ஆளாகப் படுத்துக்கொண்டு போனவர், வரி நோட்டீசைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர்தான்.

இந்த வரியை எப்படிப் போடுவது என்று மாவட்டம் கூட்டம் போட்டபோது எங்கள் மலை சார்பில் எழுந்து பேசினவன் யார் என்கிறீர்கள்? ஸ்ட்ராண்ட்தான். கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். "எடை போட்டு வரி வசூல் பண்ணா ஊர்ல திருட்டுத்தனம் பெருகும். நிலத்தோட பரப்பளவுக்கு வரி போடுங்க. நிலத்தை யாராலயும் ஒளிச்சு வைக்க முடியாது" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று வரி வந்தது. பூஞ்சை பிடித்தாலும், காட்டுத்தீப் புகையில் கருகினாலும், விற்காமல் கொட்டகையில் கிடந்தாலும் நட்ட பரப்புக்கு வரி கட்டியே தீரவேண்டும். நாலைந்து வருஷத்தில் எங்கள் சாலையில் பாதி வீடு காலி. என் கடையில் கடன் சொல்லிப்போன முகங்கள் திரும்பி வரவேயில்லை. கத்தரிக்க மெஷின் வந்தது. வெர்னா பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கப் போனாள்.

நிலத்தை ஒளிக்க முடியாது என்று சொன்னவன் செடியை ஒளித்தான். துணித்தொட்டிகளில் நட்டு, தொட்டிகளை டிரெய்லர் வண்டிகளில் வரிசையாக ஏற்றி வைத்தான். வெயிலுக்கு வெளியே இழுத்து நிறுத்துவான். அதிகாரி வருகிறான் என்றால் டிராக்டரில் மாட்டிக் காட்டுக்குள் தள்ளிவிடுவான். அளக்க வருகிறவனுக்குத் தரையில் நட்டது மட்டும்தான் தெரியும். ஒரு பங்குக்கு வரி, மூன்று பங்கு அறுவடை. அவனைப் பார்த்து, தப்பிப் பிழைத்துக் கிடந்த மற்றவர்களும் ஆளுக்கு ஒரு டிரெய்லர், இரண்டு டிரெய்லர் வைத்துக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், எம்மெட்டும் வைத்திருந்தான். அவன்மேல் பழைய வழக்கு ஒன்று இருந்ததால் லைசென்ஸ் என் பெயரில்தான் இருந்தது.

செடியை மறைக்க அரைமணி நேரம் வேண்டும். அதனால் பழைய வழக்கம் மறுபடி உயிர்த்து வந்தது. மாவட்டத்து வெள்ளைக் கார்கள் பாலம் தாண்டினால் பாதிரியார் வருகிறார் என்று அர்த்தம். செல்போன் எடுக்காத மலை. வீட்டுப் போனில்தான் சொல்லவேண்டும். சொல்லவேண்டிய இடத்தில், முதல் வீட்டில், இப்போது வெர்னா இருந்தாள். ஸ்ட்ராண்டே தன் கையால் அவளை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தான்.

முதல் வருஷம் அவனுக்கும் சொன்னாள். "அவனுக்கு எதுக்குடி சொல்ற?" என்று கத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்றாள்.

அடுத்த வருஷமும் சொன்னாள். அவன் டிரெய்லர்கள் பெருகின. கிறிஸ்துமசுக்கு அவளுக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பினான். அவள் அதை நாய்க்குப் போட்டாள்.

மூன்றாம் வருஷம் ஒரு ஆகஸ்ட் காலையில் நான் கோழித்தீவனம் கொடுக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபியை ஊற்றிக்கொண்டிருந்தவள் பாலத்துப் பலகை சடசடக்கும் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனாள். வெள்ளைக் கார்கள், பின்னால் டிரோன் ஏற்றின வண்டி. அவள் நிதானமாகப் போனை எடுத்தாள்.

"மார்வின், பாதிரியார் வர்றார்." வைத்தாள். "க்ளாடிஸ், பாதிரியார் வர்றார். ஆமா, இப்பத்தான்." வைத்தாள். "எம்மெட், பாதிரியார். உன் பொண்டாட்டி இங்கதான் இருக்கா, நான் சொல்லிக்கறேன்." ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். எண் எல்லாம் மனப்பாடம். கடைசியில் போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எண்ணிப் பார்த்தால் ஒரு வீடு குறைந்தது. "வெர்னா. ஸ்ட்ராண்டுக்கு?"

அவள் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

"எல்லாருக்கும் சொல்லணும்கறதுதானே வழக்கம்?" என்று கேட்டேன். தடுக்கக் கேட்டதாக நினைக்காதீர்கள். அவள் வாயால் கேட்கவேண்டும் என்கிற ஆசையில் கேட்டேன்.

"போன் அதோ இருக்கு. உனக்கு மனசு வந்தா நீ கூப்பிடு" என்றாள்.

"எனக்கு இன்னொரு கப் ஊத்து" என்றேன்.

டிரோன் மலைக்கு மேல் எழும்பி நின்று ரீங்கரிக்கும் சத்தம் அடுப்படிவரை கேட்டது. ஸ்ட்ராண்டின் டிரெய்லர்கள் அத்தனையும் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. டிராக்டரை முடுக்கக்கூட அவன் ஆட்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. நாங்கள் அங்கே உட்கார்ந்து மேஜைமேல் இருந்த ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான ரொட்டி தின்றதில்லை.

அன்று சாயங்காலமே அவன் வந்தான். வண்டியை வேலியில் இடிக்காத குறையாக நிறுத்திவிட்டு இறங்கினான். நானும் போகாமல் அங்கேயே இருந்தேன். அதை விட்டுவிட்டுப் போவேனா? முகம் சிவந்திருந்தது அவனுக்கு.

"ஏம்மா வெர்னா, போன் கெட்டுப்போச்சா?"

"நல்லா இருக்கே."

"நீ கவனிக்கலையா? தூங்கிட்டியா?"

தப்பிக்க அவனே வழி காட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெர்னா படியை விட்டு இறங்கி அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"தூங்கல ஆரின். முழிச்சிட்டுத்தான் இருந்தேன். கார் வர்றதப் பார்த்தேன். ரோட்டுல இருக்கற எல்லா வீட்டுக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லல. பொய் சொல்லித் தப்பிக்க நான் நீ இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "கேட்டுக்கிட்டியா டாரீன்? ஊருக்குச் சொல்லு இவ பண்ணினத."

"நானே கூட இருந்து பார்த்தேன். நீ சிரமப்படாதே, போய்ச் சேரு" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வரி அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். டிரெய்லரில் இருந்த ஒவ்வொரு தொட்டியின் பரப்பையும் அளந்து, முந்தைய வருஷங்களுக்கும் சேர்த்து வரி போட்டு, அபராதம் போட்டு, அபராதத்துக்கு வட்டி போட்டு நீட்டினார்கள். நிலத்தை ஒளிக்க முடியாது என்று அவன் பேசின பேச்சு கூட்டக் குறிப்பில் இருந்ததாம். அதிகாரி அதையே அவனுக்குப் படித்துக் காட்டியதாக மார்வின் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கொட்டகை நிறையச் சரக்கு, வாங்க நாதி இல்லை. கஞ்சாப் பணம் என்றால் பாங்க்காரன் கிட்டவே சேர்ப்பதில்லை, கடன் எங்கே தருவான்? டிராக்டர் போயிற்று, டிரெய்லர் போயிற்று. பெண்டாட்டி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த செப்டம்பரில் நிலம் ஏலத்துக்கு வந்தது.

நான் கேக்கோடு போனபோது, மெத்தையும் நாற்காலியும் ஏற்றின அவன் வண்டி வெர்னாவின் வாசலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி ஒரு சிரிப்புச் சிரித்தான். எல்லாம் போனவனுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தேன். காலில் விழ வந்திருப்பான், இவள் உதைத்து அனுப்பியிருப்பாள் என்றும் நினைத்தேன்.

"அழுதானா? சொல்லு, அழுதானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

வெர்னா மேஜைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கேக்கை முன்னால் வைத்தேன். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"டாரீன், எம்மெட் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"அவனுக்கு என்ன, காளை மாதிரி இருக்கான்."

"இதை எடுத்துட்டுப் போயி அவனுக்குக் குடு. எனக்கு வேண்டாம்."

களைத்துப்போயிருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக ஒருத்தனை விழுங்கக் காத்திருந்துவிட்டு விழுங்கி முடித்தால் கேக் இறங்காதுதான். வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லிக்கொண்டே எம்மெட்டுக்கு வெட்டிக் கொடுத்தேன். "போற நேரத்துல ஆரின் அவகிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்டான். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். இரண்டாவது துண்டை அவன் தொடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெர்னா கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தாள். காபி கொடுப்பாள், பேச்சு இருக்காது. பேசாதவள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மறு ஜூலையில் ஒருநாள் காலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மாவட்டத்துக் கார் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. எம்மெட்டின் டிரெய்லர்கள் இரண்டும் வெயிலில் அப்படியே நின்றன. அவன் பம்ப் ஓரத்தில் மண் கையோடு சிலை மாதிரி நின்றான். அதிகாரிகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாக அளந்து, மரியாதையாக ஒரு நோட்டீசை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் இருந்த தொகைக்கு என் கடையை விற்றாலும் போதாது.

க்ளாடிசுக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டுக்கும் வந்தாங்களா?"

"வந்தாங்க, அளந்தாங்க, ஒண்ணும் இல்லாம போனாங்க. அதான் வெர்னா காலையிலயே சொல்லிட்டாளே, பாதிரியார் வர்றார்னு. ஏன், உனக்குச் சொல்லலையா?"

நான் வண்டியை எடுத்த வேகத்தில் கோழி ஒன்று சக்கரத்தில் மாட்டாமல் தப்பியது தெய்வாதீனம். வெர்னா வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடி பாவி! எல்லாரையும் கூப்பிட்டியே, என்னை ஏன் கூப்பிடல? உன்கூட உட்கார்ந்து அவனைக் கவுத்தவ நான். உனக்கு என்னடி துரோகம் பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உட்காரு."

"உட்காரல. சொல்லு."

"உன்னைக் கூப்பிடாம இருக்கல டாரீன். எம்மெட்டைக் கூப்பிடல." அவள் பீன்ஸ் கூடையைக் கீழே வைத்தாள். "வென்டலைப் பிடிச்ச அன்னிக்குக் காலையில இந்த அடுப்படியில ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஆரின் ஒருத்தன். இன்னொருத்தன் உன் வீட்டுக்காரன்."

"அந்த நாய் போற போக்குல கொளுத்திப் போட்டுட்டுப் போயிருக்கான், நீயும் நம்பிட்டியா?"

"நம்பல. அதான் உடனே ஒண்ணும் பண்ணல. ஒரு குளிர்காலம் முழுக்க எம்மெட்டைப் பார்த்துட்டே இருந்தேன். என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கறான். நினைச்சுப் பார்த்தா, இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கான். நான் ஆரினையே பார்த்துட்டிருந்துட்டேன்." என் கையைப் பிடித்தாள். "வீட்டுக்குப் போய்க் கேளு. இல்லேன்னு உன் கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டான்னா, இந்த வீட்டை வித்து உங்க அபராதத்தை நான் கட்டறேன்."

எம்மெட் இன்னும் பம்ப் ஓரத்திலேயே இருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. "வென்டலைப் பிடிச்ச அன்னிக்குக் காலையில நீ எங்க இருந்த?"

அவன் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லிவிடு, பொய்யாவது சொல் என்று எனக்குள் ஒன்று கெஞ்சியது.

"எனக்கு அப்ப சின்ன வயசு" என்று ஆரம்பித்தான்.

"வயசைக் கேக்கல."

"ஆரின் போலீசோட முன்னாடியே பேசி வெச்சிருந்தான். வென்டல் தோட்டத்தைக் காட்டிக் குடுத்தா எங்க ரெண்டு பேர் தோட்டத்தையும் விட்டுடுவாங்கன்னு. எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கார் பாலத்துல ஏறினப்ப அவன் எந்திரிச்சு வெளியே போய்ட்டான். ரேடியோ மேஜைமேலதான் இருந்துச்சு."

"உனக்கு எட்டற தூரத்துலயா?"

"எட்டற தூரத்துலதான்."

"அப்புறம்?"

"அப்புறம் பத்து வருஷம் என் சரக்கை ஆரின்தான் நல்ல விலைக்கு வாங்கினான்."

"என் கடை?"

அவன் குனிந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினான். அதற்குமேல் நான் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வென்டலைப் புதைத்த மலையில், வென்டலை விற்ற காசில் கட்டின கடையில் உட்கார்ந்துகொண்டு, அவன் பெண்டாட்டிக்கே கத்தரி விற்றிருக்கிறேன். ஸ்ட்ராண்டைத் திட்டித் திட்டி நான் சமைத்துப் போட்டதையெல்லாம் இவன் எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறான், உப்புப் போதவில்லை என்று வேறு சொல்லியிருக்கிறான். அன்று இரவு அடுப்பு மூட்டவில்லை. அவன் பேச வந்தபோதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனேன்.

மறுநாள் காலை நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு எனக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். நோட்டீசைப் பார்த்துவிட்டு அவளே வருத்தப்பட்டாள்.

"லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கறதால உங்களுக்கு வந்திருக்கு மேடம். லைசென்சுக்கு வெளியில இருந்த செடி உங்களோடது இல்லேன்னா, யார் வெச்சதுன்னு சொன்னாப் போதும். அபராதம் அவங்க மேல மாறிடும். ஆனா உங்க மலையில யாரும் பேர் சொல்ல மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"நீ எழுதிக்கம்மா" என்றேன். நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எம்மெட்டின் முழுப் பெயரையும் சொன்னேன். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறான், எந்த மரத்தடியில் ஒளிப்பான், சரக்கு இப்போது எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.